குன்மமும் நுண்ணுயிரியின் மரபணுவும்

பெங்களூர்க் கன்டோன்மென்ட்டின் வடகிழக்குப் பகுதியில், பிரேசர் டவுனுக்கும் காக்ஸ் டவுனுக்கும் அண்மையில் அமைந்துள்ளது ரிச்சர்ட்ஸ் டவுன். 1809ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இந்நகரில் படைமுகாம் அமைத்தபோது, படையோடும் படையைச் சார்ந்த தொழில்களோடும் சென்னை மாகாணத்திலிருந்து தமிழர் பெருந்தொகையினராய் வந்து குடியேறினர். 1898இல் பெங்களூரைத் தாக்கிய கொள்ளைநோய், நெருக்கமான தெருக்களை விட்டு மக்களை அகன்ற புறநகர்களுக்குக் குடிபெயரச் செய்தது. கன்டோன்மென்ட்டின் வடகிழக்கே புதிய குடியிருப்புகள் விரிவடைந்தமைக்கு அந்நோயும் ஒரு காரணமாகும். ஒரு பாக்டீரியா ஒரு நகரின் அமைப்பையே மாற்றியதற்கு இஃது எடுத்துக்காட்டு. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது வேறொரு பாக்டீரியாவை. அஃது ஊரை விட்டு மக்களை ஓட்டுவதில்லை. மக்களின் வயிற்றில் குடியிருந்து, அவர்கள் எங்குச் சென்றாலும் உடன் செல்கிறது. கொள்ளைநோய் சில நாள்களில் முடிவு காட்டும். இதுவோ ஐம்பது ஆண்டுகள் காத்திருக்கும்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்த அண்ணன், தம்பி இருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இருவரும் ஒரே கிணற்று நீரையும் பின்னர் ஒரே குழாய் நீரையும் குடித்தவர்கள். ஒரே அடுப்பில் சமைத்ததை உண்டவர்கள். நாற்பது வயதில் இருவர் வயிற்றையும் ஆராய்ந்தால் இருவரிடமும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா காணப்படுகிறது. ஆயினும் அண்ணனுக்கு முன்சிறுகுடலில் புண் தோன்றிக் குருதிக் கசிவு வரை சென்றுவிட்டது. தம்பிக்கோ சிறு புளித்த ஏப்பம்கூட இல்லை. மருத்துவரிடம் தம்பி கேட்கக்கூடிய வினா ஒன்றே: ‘எனக்கும் வருமா?’ இவ்வினாவிற்கு விடை கூற முற்பட்ட ஆய்வாளர்கள், நாற்பது ஆண்டுகளாக அப்பாக்டீரியாவின் மரபணுக்களைப் படித்து வருகின்றனர். விடையின் ஒரு பகுதி கிடைத்துள்ளது. அப்பகுதியும், மேனாட்டார்க்குப் பொருந்திய அளவு இந்தியர்க்குப் பொருந்தவில்லை என்பதே இத்துறையின் சுவையான சிக்கலாகும்.

தென்னகமும் வயிற்றுப்புண்ணும்

வயிற்று வலியும் எரிச்சலும் தமிழர்க்குப் புதியன அல்ல. சித்த மருத்துவ நூல்கள் குன்மம் என்னும் நோயை எட்டாகப் பகுத்துரைக்கின்றன. எரிகுன்மம், வலிகுன்மம் போன்ற பெயர்கள் நோயாளியின் நோவையே பெயராக்கியவை. குன்மம் முழுவதும் இன்றைய வயிற்றுப்புண்ணே எனக் கொள்வது பொருந்தாது. செரிமானக் கோளாறுகள் பலவற்றை அச்சொல் தன்னுள் அடக்கியுள்ளது. எனினும் இன்று ‘அல்சர்’ என மக்கள் வழங்கும் நோயின் குறிகள் பல அதனுள் அடங்கும் என்பதில் ஐயமில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னிந்தியா வயிற்றுப்புண்ணுக்குப் பெயர்பெற்ற பகுதியாக மருத்துவ உலகில் அறியப்பட்டது. இதற்கு முதன்மையான சான்று நெய்யூர். அன்று திருவிதாங்கூரைச் சார்ந்திருந்து, 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கிய இவ்வூரின் இலண்டன் மிஷன் மருத்துவமனையில் தியோடர் ஹோவர்டு சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர் பணியாற்றினார். 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்டு ஏறச் சென்ற குழுக்களில் இடம்பெற்றவர் இவர். முதற்பயணத்தின் பின் தென்னகத்தைக் காண வந்து, நெய்யூர் மருத்துவமனையின் நெருக்கடியைக் கண்டு, இங்கேயே தங்கிப் பணிபுரிய முடிவு செய்தார். முன்சிறுகுடற் புண்ணுக்காக அங்கு நிகழ்ந்த அறுவைகள் பல்லாயிரம். பின்னர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் அவர் கற்பித்தார்.

இப்புண்ணுக்குக் காரணம் யாது? அக்கால விடை உணவு என்பதே. குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை அளித்துச் சோதனை செய்தார். மரவள்ளிக்கிழங்கை முதன்மையாகக் கொண்ட திருவிதாங்கூர் உணவை உண்ட எலிகளிடம் வயிற்றுப்புண் மிகுதியாகவும், சென்னை மாகாண உணவை உண்டவற்றிடம் அதனினும் குறைவாகவும் தோன்றியது. கோதுமை, பால், காய்கறி நிறைந்த சீக்கியர் உணவை உண்டவை நலமாக இருந்தன. 1950களிலும் 1960களிலும் மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் பணிபுரிந்த பிராங்க் டோவி, இச்சிந்தனையை நாடளாவிய அளவில் வளர்த்தார். அரிசியுண்ணும் தெற்கிலும் கிழக்கிலும் புண் மிகுதி. கோதுமையுண்ணும் வடமேற்கில் குறைவு என்பது அவர் கண்டது. தீட்டாத தானியங்களிலும் பயறுகளிலும் உள்ள கொழுப்புக் கூறுகள் வயிற்றின் உட்சுவரைக் காக்கின்றன என்னும் கருத்தையும் அவர் முன்வைத்தார்.

பாக்டீரியா கண்டறியப்பட்ட பின்னரும் இவ்வுணவுக் கொள்கை முற்றும் மறையவில்லை. காரணம் எளிது. அப்பாக்டீரியா வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ ஒரே அளவில் மக்களிடம் பரவியுள்ளது. புண்ணோ அவ்வாறு பரவவில்லை. ஆகவே பாக்டீரியா இருப்பது மட்டும் நோயை விளக்கப் போதாது. மிளகாய்தான் புண்ணை உண்டாக்கும் என இன்றும் வீடுகளில் கூறப்படும் கருத்துக்குப் போதிய சான்று இல்லை என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். வலிநீக்கி மாத்திரைகளை மிகுதியாக உண்பதே பாக்டீரியாவிற்கு அடுத்த பெருங்காரணம்.

வாயிற்காவலன்

1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இராபின் வாரன், பேரி மார்ஷல் ஆகிய இருவரும் மனித வயிற்றிலிருந்து சுருள்வடிவப் பாக்டீரியா ஒன்றை வளர்த்தெடுத்தனர். ஈஸ்டர் விடுமுறையால் வழக்கத்தினும் அதிக நாள் வளர்ப்புத் தட்டுகள் கிடந்தமையால்தான் அது வளர்ந்தது. மெல்ல வளரும் உயிரியாதலின், அதற்கு முன்னர் வைத்த தட்டுகள் யாவும் உரிய காலத்திற்கு முன்பே எறியப்பட்டிருந்தன. அமிலம் நிறைந்த வயிற்றில் எதுவும் வாழாது என்னும் நம்பிக்கை வேரூன்றியிருந்தமையால், 1984இல் மார்ஷல் அப்பாக்டீரியாவைத் தாமே பருகித் தம் வயிற்றில் அழற்சி தோன்றுவதைக் காட்ட நேர்ந்தது. 2005இல் இருவர்க்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதற்கிடையே, 1994இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இப்பாக்டீரியாவை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பவற்றின் முதற்பிரிவில் சேர்த்திருந்தது.

இதன் பெயர் வரலாறும் மொழி ஆர்வலர்க்குச் சுவை தருவதாகும். வயிறு முடிந்து சிறுகுடல் தொடங்கும் வாயிலுக்குக் கிரேக்கத்தில் வாயிற்காவலன் எனப் பொருள்படும் சொல் வழங்கியது. அதன் வழிவந்த ‘பைலோரிடிஸ்’ என்னும் அடைமொழி இலத்தீன் இலக்கணத்திற்கு முரணானது எனக் கண்டு ‘பைலோரி’ எனத் திருத்தப்பட்டது. பின்னர், 1989இல், சுருள் என்னும் பொருளுடைய ‘ஹெலிகோபாக்டர்’ என்ற புதுப்பேரினப் பெயரும் அமைந்தது.

அமிலத்தில் இவ்வுயிரி வாழும் வகை வியப்பிற்குரியது. யூரியேசு என்னும் நொதியை இது பெருமளவில் ஆக்குகிறது. அந்நொதி வயிற்றிலுள்ள யூரியாவைப் பிளந்து அம்மோனியாவைத் தருகிறது. அம்மோனியா சுற்றியுள்ள அமிலத்தைத் தணிக்க, உயிரி சளிப்படலத்தினுள் நீந்திச் சென்று தங்குகிறது. இந்நொதிக்கான மரபணுக்கள் இல்லாத பைலோரி வயிற்றில் நிலைகொள்ள இயலாது. எனவே யூரியேசு மரபணுக்கள் நோயாளியிடமும் நோயற்றவரிடமும் உள்ள பாக்டீரியாக்களில் பொதுவாக உள்ளன. அண்ணனையும் தம்பியையும் வேறுபடுத்தும் மரபணுக்கள் வேறு.

1997இல் 26695 என எண்ணிடப்பட்ட வகையின் முழு மரபணுத்தொகுதியும் படித்து வெளியிடப்பட்டது. பதினாறு இலட்சத்து அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள். ஏறத்தாழ 1,590 மரபணுக்கள். இரண்டாண்டுகளில் மற்றொரு வகையும் படிக்கப்பட்டது. இரண்டையும் ஒப்பிட்டபோது, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத மரபணுக்கள் பல எனத் தெரிந்தது. ஒரே பெயரால் வழங்கினும், இவ்வுயிரி ஒரு நூலின் பல படிகள் போன்றதன்று. ஏடெழுதுவோர் ஒவ்வொருவரும் இடைச்செருகியும் விட்டும் திரித்தும் எழுதிய சுவடிக் குடும்பம் போன்றது எனக் கூறுவது பொருந்தும்.

காக் தீவும் வாக் நச்சும்

இடைச்செருகலுக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு காக் தீவு. ஏறத்தாழ நாற்பதாயிரம் எழுத்துகள் நீளமும் முப்பதை ஒட்டிய மரபணுக்களும் கொண்ட இப்பகுதி, வேறோர் உயிரியிடமிருந்து என்றோ வந்து புகுந்தது என்பதற்கு அதன் எழுத்து விகிதமே சான்று. இவ்வகைப் பகுதிகளை நோயாக்கத் தீவு என்பர். கொள்ளைநோய்ப் பாக்டீரியாவிலும் இத்தகைய தீவு உண்டு. காக் தீவின் மரபணுக்களுள் பல சேர்ந்து ஊசி போன்ற ஒரு கருவியை அமைக்கின்றன. அக்கருவியின் வழியே காக்-ஏ என்னும் புரதம் வயிற்றுச் சுவரின் உயிரணுவிற்குள் செலுத்தப்படுகிறது. உள்ளே சென்றதும், மனித உயிரணுவின் நொதிகளே அதன் குறிப்பிட்ட இடங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. அவ்வாறு முத்திரையிடப்பட்ட காக்-ஏ, உயிரணுவின் வளர்ச்சிக்கு ஆணையிடும் ஷிப்-2 என்னும் புரதத்தைப் பற்றி அதனை ஓயாது இயங்கச் செய்கிறது. உயிரணு தன் வடிவை இழந்து நீள்கிறது. அண்டை உயிரணுவோடு கொண்ட பிணைப்பைத் தளர்த்துகிறது. வீட்டுக்காரனின் மையாலும் முத்திரையாலும் வீட்டுக்காரனுக்கு எதிரான ஆவணத்தை எழுதும் சூழ்ச்சி இது.

முத்திரை விழும் இடங்கள் ஐந்து அமினோ அமிலங்களால் ஆகிய சிறு தொடர்கள். அவற்றின் ஓரெழுத்துக் குறியீடுகளைச் சேர்த்து ‘ஈபியா’ என்பர். இத்தொடர்களைச் சூழ்ந்த பகுதியைக் கொண்டு ஏ, பி, சி, டி என நான்காகப் பகுத்துள்ளனர். மேனாட்டு வகைகளில் சி அமைந்துள்ளது. ஜப்பான், கொரியா, சீனம் ஆகிய நாடுகளின் வகைகளில் அதற்கு மாறாக டி அமைந்துள்ளது. டி உள்ள காக்-ஏ ஷிப்-2 புரதத்தை மேலும் இறுகப் பற்றும் என ஜப்பானிய ஆய்வாளர் மசனோரி ஹத்தகேயாமாவின் குழு காட்டியது. கிழக்காசியாவில் வயிற்றுப் புற்றுநோய் மிகுந்திருப்பதற்கு இஃது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. காக்-ஏ அற்ற வகைகளை உடையவரினும் அஃது உள்ள வகைகளை உடையவர்க்குப் புண்ணும் புற்றும் வரும் வாய்ப்பு மிகுதி என்பது மேனாட்டு ஆய்வுகள் பலவற்றின் முடிவு.

இரண்டாவது, வாக்-ஏ. உயிரணுக்களுள் வெற்றுக்குமிழிகளைத் தோற்றுவிக்கும் நச்சுப்புரதத்தின் மரபணு இது. காக் தீவு சில வகைகளில் இருக்கும்; சிலவற்றில் இராது. வாக்-ஏ எல்லாவற்றிலும் உண்டு. அதன் வடிவந்தான் வேறுபடும். தொடக்கப் பகுதி எஸ்-1, எஸ்-2 எனவும், நடுப்பகுதி எம்-1, எம்-2 எனவும் வகைப்படும். எஸ்-2 வடிவில் நச்சின் முன்னே பன்னிரண்டு அமினோ அமிலங்கள் கூடுதலாக ஒட்டிக்கொண்டு அதன் செயலைத் தடுக்கின்றன. ‘நீதி’ என்னும் சொல்லின் முன் ஓரெழுத்து சேர்ந்து ‘அநீதி’ எனப் பொருளை மாற்றுவதோடு இதனை ஒப்பிடலாம். இங்குச் சேர்க்கை தீமையை நீக்குகிறது என்பதே வேறுபாடு. எஸ்-1, எம்-1 ஆகிய இரண்டும் சேர்ந்த வடிவம் கொடியது.

மூன்றாவதாக, உயிரணுவின் மேற்பரப்பைப் பற்றும் பாப்-ஏ. இது லூயிஸ்-பி என்னும் குருதிவகைச் சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. ஓ குருதிவகையினர்க்கு முன்சிறுகுடற் புண் சற்று மிகுதி என 1954இலேயே பிரிட்டனில் கண்டறியப்பட்டிருந்தது. அதனை விளக்கும் வழி ஒன்று இதனாற் கிடைத்தது.

கொல்கத்தாவின் விடை

இம்மூன்றையும் கொண்டு தம்பியின் வினாவிற்கு விடை கூற இயலும் என்றே 1990களில் நம்பப்பட்டது. வயிற்றிலிருந்து எடுத்த பாக்டீரியாவில் காக் தீவு உண்டா, வாக்-ஏ எஸ்-1 வடிவினதா எனப் பார்த்தால் போதும், இரண்டும் இருப்பின் இடர், இல்லையெனில் கவலையில்லை.

இந்நம்பிக்கையைச் சோதித்தது கொல்கத்தா. அங்கு அப்போது தேசியக் காலரா மற்றும் குடல்நோய் நிறுவனம் எனப் பெயர் தாங்கியிருந்த ஆய்வகத்தின் ஆசிஷ் முகோபாத்யாய, ஜி. பாலகிருஷ் நாயர் முதலியோரும் அமெரிக்காவின் டக்ளஸ் பெர்க்கும் இணைந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 78 பாக்டீரியா வகைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவற்றுள் 55 புண் உள்ளவர்களிடமிருந்தும், 23 பெருந்தொல்லை இல்லாதவர்களிடமிருந்தும் பெறப்பட்டவை. முடிவு எதிர்பாராதது. காக் தீவும் எஸ்-1 வடிவ வாக்-ஏயும் 80 முதல் 90 விழுக்காடு வகைகளில் இருந்தன. நோய் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. அண்ணனிடமும் உண்டு; தம்பியிடமும் உண்டு. ஏறத்தாழ எல்லார் கையிலும் ஒரே ஆயுதம் இருக்கையில், ஆயுதத்தைக் கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடிக்க இயலாது.

அவ்வாய்வின் பிற முடிவுகளும் கருதத்தக்கவை. கொல்கத்தா வகைகளின் காக்-ஏ மேனாட்டு வகைகளை ஒத்திருந்தது. வாக்-ஏயின் எம்-1 பகுதியோ மேற்கையும் கிழக்காசியாவையும் ஒவ்வாது தனிக்குழுவாக நின்றது. ஐஸ்-ஏ என்னும் மரபணுவில் மேற்கில் முதல் வடிவம் நோயோடு சிறிது தொடர்புடையது. கொல்கத்தாவில் இரண்டாம் வடிவம் அவ்வாறு காணப்பட்டது. ஓரிடத்தில் அறிகுறியாவது மற்றோரிடத்தில் அறிகுறியாவதில்லை என்பது இதனால் உறுதியாயிற்று. மேனாட்டு நூல்களில் உள்ள அட்டவணையை அப்படியே எடுத்து இந்திய நோயாளிக்குப் பொருத்துவது எத்துணைப் பிழை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

பின்னர் 2005இல் டூப்-ஏ என்னும் மரபணு பேசப்பட்டது. முன்சிறுகுடற் புண்ணைத் தூண்டி, வயிற்றுப் புற்றிலிருந்து காக்கும் தன்மையுடையது என அது முன்மொழியப்பட்டது. இவ்விரு பண்பும் ஒரு மரபணுவிடம் இருத்தல் முரண்போலத் தோன்றும். ஆனால் முன்சிறுகுடற் புண் உள்ளவர்க்கு வயிற்றுப் புற்று வரும் வாய்ப்பு குறைவு என்பது நெடுநாள் அறிந்த உண்மை. அழற்சி வயிற்றின் கீழ்ப்பகுதியில் நின்றால் அமிலம் மிகுந்து சிறுகுடல் புண்ணாகிறது. அது வயிறு முழுதும் பரவினால் அமிலம் சுரக்கும் உயிரணுக்கள் அழிந்து புற்றுக்கு வழி பிறக்கிறது. டூப்-ஏ பற்றிப் பிற நாடுகளில் முடிவுகள் முரண்பட்டன. இந்திய வகைகளில், மரபணு சிதையாது முழுமையாக உள்ளதா எனப் பார்த்தபோதே புண்ணோடு தொடர்பு தெரிந்தது எனக் கொல்கத்தா ஆய்வாளர்கள் 2015இல் எழுதினர்.

கடல்கடந்த தமிழர் தரும் சான்று

தொற்று மிகுதி, புற்றுக் குறைவு என்னும் இம்முரண்பாட்டை ஆசியப் புதிர் எனவும் இந்தியப் புதிர் எனவும் வழங்குவர். இப்புதிரைத் தெளிவாகக் காட்டும் இடம் மலேசியா. ஒரே நாட்டில், ஒரே வெப்பநிலையில், ஒரே மருத்துவமனை வாயிலில் மூவினத்தாரும் வருகின்றனர். பைலோரித் தொற்று, பெரும்பாலும் தமிழராகிய இந்தியரிடம் மிகுதி, சீனரிடம் அடுத்து, மலாயரிடம் குறைவு. வயிற்றுப் புற்றோ சீனரிடமே மிகுதி. இந்தியரிடம் அவ்வளவு இல்லை. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாட்டிலும் காக்-ஏயின் ஈபியா அமைப்பை இனவாரியாக ஒப்பிட்டது. சீனரிடம் டி வடிவமும், இந்தியரிடம் சி வடிவமும் பெரும்பான்மை. தோட்டத் தொழிலுக்காகக் கப்பலேறிய தமிழர், தம் ஊர்ப் பாக்டீரியாவையும் உடன் கொண்டு சென்றனர். தலைமுறைகள் கடந்தும் அது மாறவில்லை. அதே ஆண்டின் மற்றோர் ஆய்வு, மலாயர் இப்பாக்டீரியாவை அண்மைக் காலத்திலேயே, அதிலும் பெரும்பாலும் இந்தியரிடமிருந்து பெற்றனர் எனக் கண்டது.

இது பைலோரியின் தனிப்பண்பு. குழந்தைப் பருவத்தில், பெரும்பாலும் தாயிடமிருந்தும் உடன்பிறந்தாரிடமிருந்தும் தொற்றுவதால், குடும்பச் சொத்துப்போல வழிவழி வருகிறது. மனிதர் ஏறத்தாழ 58,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பரவியபோது இதுவும் உடன் பரவியது என 2007இல் வெளியான ஆய்வு கணித்தது. அதே ஆண்டில் ஐதராபாத்திலிருந்து வெளிவந்த ஆய்வு, இந்திய வகைகளின் மூதாதை ஐரோப்பிய வகைகளோடு உறவுடையது எனக் காட்டியது. மொழியறிஞர் சொற்களைக் கொண்டு இனங்களின் இடப்பெயர்ச்சியை உய்த்துணர்வது போல, இவ்வுயிரியின் மரபணுக்களைக் கொண்டும் உய்த்துணர இயலும் எனலாம். ஆயினும் இரண்டும் எப்போதும் ஒத்துச்செல்லும் என எதிர்பார்த்தல் கூடாது.

நெடுநாள் உடன்வாழ்ந்த பாக்டீரியாவும் மனிதனும் ஒருவர்க்கொருவர் இசைந்துபோதல் உண்டோ என்பது அடுத்த வினா. கொலம்பியாவில் மலைப்பகுதி மக்களையும் கடலோர மக்களையும் ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வு இதற்குத் துணைசெய்கிறது. மலைவாழ் மக்கள் பெரும்பாலும் அமெரிக்கத் தொல்குடி வழியினர். அவர்களுள் ஆப்பிரிக்க மூதாதை கொண்ட பாக்டீரியாவை உடையவர்க்கு வயிற்றுச் சிதைவு கடுமையாக இருந்தது. அதே பாக்டீரியா ஆப்பிரிக்க வழியினரான கடலோர மக்களிடம் அத்துணைத் தீங்கு செய்யவில்லை. எனவே தீமை பாக்டீரியாவின் மரபணுவில் மட்டும் இல்லை; இரு மரபணுத்தொகுதிகளின் பொருத்தத்திலும் உள்ளது. ஜப்பானியரிடம் நிகழ்ந்த 2023ஆம் ஆண்டு ஆய்வு இதனை வேறு வகையில் காட்டியது. மரபணுச் சிதைவைச் சீர்செய்யும் மனித மரபணுக்களில் பழுது உள்ளவர் பைலோரித் தொற்றும் உடையவராயின், 85 வயதிற்குள் வயிற்றுப் புற்று வரும் வாய்ப்பு 45.5 விழுக்காடு, பழுதின்றித் தொற்று மட்டும் உடையவர்க்கு 14.4 விழுக்காடு.

இந்தியப் புதிருக்கு இப்பொருத்தமே முழுவிடை எனக் கூறுவோர் உளர். அது மிகையாகும். இந்தியா முழுவதும் ஒரே தன்மையதன்று என்பதே காரணம். தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின்கீழ் 1982 முதல் பெங்களூரிலும் சென்னையிலும் பதிவேடுகள் பேணப்பட்டு வருகின்றன. அவை ஆடவரிடம் வயிற்றுப் புற்று மும்பை, தில்லி ஆகிய நகரங்களைவிட இவ்விரு நகரங்களில் மிகுதி எனக் காட்டின. பின்னர் அஃது இங்கும் குறைந்து வந்துள்ளது. வடகிழக்கில் மிசோரமோ நாட்டிலேயே முதலிடம் பெறுகிறது. அங்குப் புகையிலையும் புகையூட்டிய உணவும் பேசப்படுகின்றன. வேலூரில் 1988க்கும் 2008க்கும் இடையே முன்சிறுகுடற் புண் வெகுவாகக் குறைந்தது. இரண்டு பத்தாண்டுகளில் ஒரு மக்களின் மரபணு மாறிவிடாது. தூய நீரும், சிறிய குடும்பமும், அமிலம் குறைக்கும் மருந்தும், பாக்டீரியாவை ஒழிக்கும் மருந்தும் இம்மாற்றத்தில் பங்குபெற்றிருத்தல் வேண்டும்.

திறந்தும் மூடியும் இயங்கும் மரபணு

இதுவரை கூறியவை மரபணு உண்டா, இல்லையா, எவ்வடிவினது என்னும் கேள்விகள். இருக்கும் மரபணு பேசுகிறதா, வாய்மூடி இருக்கிறதா என்பது நுட்பமான கேள்வி. இதில் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து சில கல் தொலைவில் உள்ள இந்திய அறிவியல் கழகம் குறிப்பிடத்தக்க பணி செய்துள்ளது.

பைலோரியில் அயல் டி.என்.ஏவை வெட்டியும், தன் டி.என்.ஏவில் மெத்தில் குறியிட்டுக் காத்தும் இயங்கும் அமைப்புகள் இருபதுக்கும் மேற்பட்டவை உள்ளன. இத்துணைச் சிறிய உயிரிக்கு இது மிகை. இக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் டி.என். ராவ் குழுவினர், கொல்கத்தாவின் முகோபாத்யாயவுடன் இணைந்து, குறியிடும் நொதிகளுள் ஒன்றனை ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். இந்நொதியின் மரபணுவில் ஏ, ஜி என்னும் இரண்டெழுத்துகள் மீண்டும் மீண்டும் வரும் பகுதி உண்டு. படியெடுக்கும்போது இப்பகுதியில் வழுக்கல் நேர்ந்து ஓர் இணை கூடும் அல்லது குறையும்.

அதன் விளைவைத் தமிழெழுத்தைக் கொண்டே விளக்கலாம். மரபணு மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. ‘மரம் தடம் வரம்’ என்னும் தொடரில் இடைவெளியை நீக்கி, இரண்டாம் எழுத்தை விட்டு, மீண்டும் மும்மூன்றாய்ப் பிரித்தால் ‘மம்த டம்வ ரம்’ என வரும். ஓரெழுத்துப் பிழை அதன்பின் வந்த சொற்கள் அனைத்தையும் பொருளற்றவை ஆக்கிற்று. அவ்வாறே ஈரெழுத்து கூடினும் குறையினும் நொதி உருவாகாது நின்றுவிடும். பின்னொரு தலைமுறையில் மீண்டும் வழுக்கல் நேர, நொதி திரும்பவும் உருவாகும். விளக்கின் விசையை ஏற்றி இறக்குவது போன்ற இச்செயலால், ஒருவர் வயிற்றிலேயே அந்நொதி உள்ளவையும் இல்லாதவையுமாகிய பாக்டீரியாக்கள் கலந்து வாழ இயலும். மெத்தில் குறி மாறினால் பிற மரபணுக்கள் பலவற்றின் வெளிப்பாடும் மாறுகிறது. அந்நொதியின் மரபணுவை நீக்கியபோது எல்லா வகைகளிலும் ஒரே விளைவு தோன்றவில்லை. வகைக்கு வகை வேறுபட்டது என்பது ராவ் குழுவினரின் முடிவு. கொல்கத்தா ஊருக்கு ஊர் வேறுபாடு கண்டதெனின், பெங்களூர் வகைக்கு வகை வேறுபாடு கண்டது.

மருந்தும் மரபணுவும்

தம்பியின் வினாவிற்கு இனி வரலாம். அவர் வயிற்றிலுள்ள பாக்டீரியாவின் காக்-ஏயைச் சோதித்து ‘வரும்’, ‘வாராது’ எனக் கூறும் நிலை இந்தியாவில் இல்லை. பொதுவாகத் தொற்றுடையவருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்குப் புண்ணும், நூற்றில் ஒருவர் அல்லது சற்று மிகுதியானோர்க்குப் புற்றும் வரலாம் என்பதே கூறத்தக்கது. நெருங்கிய உறவினருள் வயிற்றுப் புற்று வந்திருப்பின் பாக்டீரியாவை ஒழிப்பதே நலம் என்பது மருத்துவர் கொள்கை.

ஆனால் ஒழிப்பதிலும் மரபணு குறுக்கிடுகிறது. நோயை முன்னறிவதைவிட, மருந்தைத் தேர்வதற்கே பாக்டீரியாவின் மரபணு இன்று மிகுதியும் பயன்படும் எனத் தோன்றுகிறது. மேற்கூறிய கொல்கத்தா வகைகளுள் ஏறத்தாழ 90 விழுக்காடு மெட்ரோனிடசோல் என்னும் மருந்தை எதிர்த்து நின்றன. சீதபேதிக்கு இந்நாட்டில் நெடுங்காலமாக வாரி வழங்கப்பட்ட மருந்து அது. அம்மருந்து தானே நஞ்சன்று. பாக்டீரியாவின் ஆர்டிஎக்ஸ்-ஏ என்னும் மரபணு தரும் நொதியே அதனை நஞ்சாக மாற்றுகிறது. அம்மரபணு பழுதாகி நொதி தோன்றாவிடின் மருந்து வீணாகிறது. தன் கருவி ஒன்றை இழந்து உயிர்பிழைக்கும் தந்திரம் இது. கிளாரித்ரோமைசின் என்னும் மற்றொரு மருந்திற்கோ, ரைபோசோம் ஆர்.என்.ஏவின் மரபணுவில் ஓரெழுத்து மாறினாலே போதும். மருந்து பற்றுமிடம் கெட்டுவிடும். அவ்வெழுத்து மாறியுள்ளதா என்பதை இன்று ஆய்வகச் சோதனையால் அறிய இயலும். சோதனைக்கு வசதியில்லாத இடங்களில் பிஸ்மத் உள்ளிட்ட நான்கு மருந்துகளைப் பதினான்கு நாள் அளிக்கும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. வலி நின்றதும் ஐந்தாம் நாளில் மாத்திரையை நிறுத்துவோர் மிகப்பலர். அவர் வயிற்றில் எஞ்சுவன மருந்தை வென்ற வகைகளே. குழந்தைகளுக்கு அவரிடமிருந்து செல்வனவும் அவையே.

ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற பகுதியில் தமிழரும், கன்னடரும், தக்கணி பேசும் இசுலாமியரும், ஆங்கிலோ-இந்தியரும், அண்மையில் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தோரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் மூதாதையர் ஊரின் பாக்டீரியாவைக் கொண்டிருத்தல் கூடும். ஒருவர் வயிற்றில் இரு வகைகள் சேர்ந்தால் அவை மரபணுக்களைத் தம்முள் மாற்றிக்கொள்ளும் இயல்புடையன. மலாயரிடையே நிகழ்ந்தது போன்ற புதுத்தொற்றும், கொலம்பியாவில் கண்டது போன்ற பொருத்தமின்மையும் இத்தகைய நகர்ப்பகுதிகளில் நேரக்கூடியவை. ஆதலின், பாக்டீரியாவை எடுத்துப் படிக்கும்போது, நோயாளியின் இருப்பிடத்தோடு அவர் தாய் பிறந்த ஊரையும் குறித்துவைத்தல் ஆய்வாளர்க்கு வேண்டுவதாகும்.